ஒரு கேலனுக்கு இரண்டு மைல்

"முப்பத்துமூணு மைல். அதுக்கு மேல ஒரு முழம்கூட இல்ல. அங்க போய் நின்னுக்கிட்டு இன்னும் கொஞ்சம்னு கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்," என்று கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே மெக்கானிக் தன் அக்காவிடம் கறாராகப் பேசிவிட்டான்.

"நீ போட்ட கணக்கு தப்புமா? கணக்குப் பரீட்சையை மூணு தடவை எழுதினவனாச்சே," என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அப்படி எதையாவது சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தான் மீன்பிடிக்கப் போய் ஒரு வாரம் கடந்துவிட்டது. தேடப் போன அரசாங்கப் படகுகள் முந்தின நாளே கையை விரித்துவிட்டன. சாயங்காலம் புயல்காற்று பிடித்துக்கொள்ளும், துறைமுகத்தை மூடிவிடுவார்கள், திறக்க எத்தனை நாளாகுமோ தெரியாது என்று பேச்சு. ஆக, கையில் இருந்தது இந்த ஒரு பகல்தான். ஐஸ் கம்பெனி முதலாளி மனமிரங்கித் தன் புதுப்படகைக் கொடுத்தார். டீசல் தட்டுப்பாட்டில் பங்க்கில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது ஏழு கேன், ஒவ்வொன்றும் இருபத்தைந்து லிட்டர்.

கப்பலேறி வந்த எஞ்சின் அது. அதன் மீட்டர் லிட்டரில் பேசாது. ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்றுதான் காட்டும். நிதானமாக ஓட்டினால் இரண்டு மைல் என்று முதலாளி சொல்லியிருந்தார். லிட்டருக்கு மாற்றும் பொத்தான் எங்கேயோ இருந்தது. அதைத் தேட மெக்கானிக்குக்குப் பொறுமையில்லை, தேவையும் இல்லை. மற்ற கணக்கில் எல்லாம் கோட்டை விட்டவனுக்கு நோட்டுப் பின்னட்டையில் அச்சடித்திருந்த அளவை வாய்ப்பாடு மட்டும் தலைகீழாகத் தெரியும். ஒரு கேலன் நாலரை லிட்டர். கேன் ஒன்றைக் கைக்காவலுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி நூற்றைம்பது லிட்டரை நாலரையால் வகுத்தான். முப்பத்துமூன்று கேலன், அறுபத்தாறு மைல். போகப் பாதி, வரப் பாதி. இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தான். பிசகில்லை.

போகும் வழியெல்லாம் அக்கா படகின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கும் தண்ணீர். ஒரு மிதவைக்கட்டை, அறுந்த வலைத் துண்டு ஒன்று. அது வேறு யாருடையதோ. நீரோட்டம் இழுத்துப்போகும் திசையிலேயே மெக்கானிக் படகை விட்டான். முப்பத்துமூன்று வந்ததும் எஞ்சினைத் தணித்தான்.

"அங்க பாருடா. வெள்ளையா ஏதோ தெரியுது," என்றாள் அக்கா.

அவன் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தான். தொடுவானத்துக்கு அடியில் ஒரு வெளுப்பு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

"அலை உடையுதுக்கா."

"ஒரே இடத்துலயா?"

"அக்கா, காலையில என்ன பேசினோம்?"

"பேசினோம். இல்லன்னு சொல்லல."

"எஞ்சின் நின்னு போச்சுன்னா நம்மளத் தேட இன்னொருத்தன் வரணும். உன் ரெண்டு பிள்ளைங்களையும் நெனச்சுப் பாரு."

அவன் படகைத் திருப்பினான். அவள் மட்டும் திரும்பாமல், பின்பக்கம் போய் உட்கார்ந்து, வெளுப்பு இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

துறைமுகத்துக்குள் நுழையும்போது காற்று வலுத்துவிட்டது. மீதிப் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனி முதலாளி கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டு கேன் மூடி திறக்காமலே இருக்கு?"

அப்போதுதான் மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். கைக்காவல் கேன் மூலையில் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று, வாய்வரை நிறைந்து. காற்றோடு மல்லுக்கட்டி வந்ததில் அவன் கேன்களை எண்ணவே இல்லை.

"ஆறும் தீர்ந்திருக்கணுமே," என்றான்.

"கேலனுக்கு எவ்வளவு போட்ட?"

"நாலரை."

"அடப் பாவமே. அது நம்ம பள்ளிக்கூடத்து கேலன். இந்த எஞ்சின் செஞ்ச ஊருல கேலன் சின்னது, மூணே முக்கால்தான். வாங்கின புதுசுல நானும் இப்படித்தான் முழிச்சேன்." முதலாளி யதார்த்தமாகச் சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும், இரண்டாவது கயிற்றை எடுத்து வரும் சாக்கில் நகர்ந்துகொண்டார்.

மெக்கானிக் கரையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்றான்.

"அந்த ஒரு கேன்ல எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டாள் அக்கா.

மூன்றே முக்காலால் வகுக்க அவனுக்கு நேரமே ஆகவில்லை. "போக ஆறு மைல். வர ஆறு."

"நான் கை காட்டின இடம் அவ்வளவு தூரம் இருக்குமா?"

கண்ணுக்கு எட்டிய இடம் ஆறு மைலுக்கு உள்ளேதான் இருக்கும். அது அவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும், அவளும் கடற்கரைக்காரிதான்.

"இப்பவே திருப்பு. ரெண்டு கேன் இருக்குல்ல," என்றாள்.

"ரெண்டு கேனை வச்சுக்கிட்டு அங்க வரைக்கும் போக முடியாதுக்கா. கடலும் விடாது."

துறைமுக வாயின் குறுக்கே சங்கிலி போட ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முதலாளி இரண்டாவது கயிற்றையும் இறுக்கிக் கட்டி, அதற்குமேல் ஒரு முடிச்சுப் போட்டார். அக்கா இறங்கினால் படகுக்குத் தார்ப்பாய் போடலாம் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அது அலைதானேடா?"

"அலைதான்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

அவன் சொன்னான். கையையும் நீட்டினான். அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.