மெத்தூசலாவுக்கு ஞானஸ்நானம்

என் கணவர் ஜெபகுமார் தங்கமான மனிதர். ஆனால் அவர் வாய் மட்டும் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் எங்கள் மகளுக்கு ஒரு வியாழக்கிழமை மதியம், வகுப்பறையில், கரும்பலகை சாட்சியாக ஞானஸ்நானம் நடந்துபோனது.

தாம்பரத்தில் ஓர் இறையியல் கல்லூரியில் அவர் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். குடும்பத்தோடு படிப்பவர்களுக்கான குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருக்கிறோம். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இப்போது பிரசவ விடுப்பு.

மகள் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கிடந்தாள். என் அப்பா யேசுதாசன் ஓய்வு பெற்ற போதகர், சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இருக்கிறார். முதல் வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கண்ணாடி வழியாகப் பேத்தியைப் பார்த்துவிட்டு, "ஆஷா, இப்பவே ஞானஸ்நானம் குடுத்துடலாமா?" என்று மெல்லக் கேட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் அப்படிச் செய்வது வழக்கம். அவர் கேட்டதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"வேணாம்பா! இவ வீட்டுக்கு வருவா. நீங்க கோவில்ல வெச்சு, எல்லார் முன்னாடியும் உங்க கையால குடுப்பீங்க" என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மகள் தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. தேவதர்ஷினி என்று பெயரும் முடிவானது. டிசம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்து, கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் போட்டாயிற்று: காலை ஞானஸ்நான ஆராதனை, மதியம் பிரியாணி, மாலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கால்பந்து, அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் கேரல் பவனி. அப்பா தினமும் போன் செய்து, "இன்னும் எத்தனை நாள்?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் இந்த வியாழக்கிழமை வந்தது.

ஆராதனை வகுப்பில் மாணவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பயிற்சி உண்டு. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. எத்தனையோ வருஷத்து மாணவர்கள் கையில் அடிபட்ட பொம்மை என்பதால் அதற்கு மெத்தூசலா என்று பெயர். வேதாகமத்தில் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வயது வரை வாழ்ந்த கிழவர் அவர். அன்று பார்த்து அந்தப் பொம்மையின் கழுத்து கழன்று உருண்டது. உடனே என் வீட்டுக்காரர் எழுந்து, "எங்க வீட்டுல புதுசு ஒண்ணு கீது, எடுத்துட்டு வரட்டா?" என்றாராம்.

நாலு பேர் பிள்ளையைக் கொஞ்சட்டுமே என்று நானும் கூடப் போனேன்.

அன்று ஸ்டெபினின் முறை. நல்ல பையன், ஆனால் பயந்தாங்கொள்ளி. போன வாரம் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து வகுப்பே சிரித்திருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வந்திருந்தான். பயிற்சியில் கிண்ணம் காலியாகத்தான் இருக்க வேண்டும், திருநாமத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கும் வார்த்தைகள் வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பது பேராசிரியர் தீபாவின் சட்டம். நிஜப் பிள்ளை வருகிறதே என்று ஸ்டெபின் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்து வைத்திருந்தான். தீபா மேடமோ வாசலில் நின்று ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பற்றி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்டெபின் மகளை வாங்கினான். அவள் அவன் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பையன் அங்கேயே உருகிவிட்டான்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லுங்கள்" என்றான். ஞானத்தாயாக நடித்த ஜாஸ்மின் பழக்க தோஷத்தில், "மெத்தூசலா" என்றாள். "மெத்தூசலாவே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று மூன்று தரம் தண்ணீர் வார்த்தான். வகுப்பு மொத்தமும் "ஆமென்" என்றது. அப்புறம்தான் எல்லார் கண்ணும் கிண்ணத்துக்குப் போனது.

தீபா மேடம் உள்ளே வந்தார். நனைந்த தலையைப் பார்த்தார். "ஸ்டெபின், தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

வேறு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் இறையியல் அறிஞர்கள். விளையாட்டுக்குச் செய்தது செல்லாது என்று ஒரு கட்சி. தண்ணீரும் இருந்தது, திருநாமமும் இருந்தது, ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்று இன்னொரு கட்சி. சபை வரலாற்று ஆசிரியர், கடற்கரையில் சிறுவர்கள் விளையாட்டாகக் கொடுத்த ஞானஸ்நானமே செல்லும் என்று ஓர் ஆயர் தீர்ப்புச் சொன்ன பழங்கதையைக் கொண்டுவந்து எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். கால்பந்து அணியும் இரண்டாக உடைந்தது. ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டித் தருவதையே நிறுத்திவிட்டார்கள்.

மெஸ்ஸில் சமைக்கும் கங்கம்மா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது, பச்ச கொயந்திக்கு கெயவன் பேர வெச்சிகினு கீறாங்களாமே? எனக்கே பேஜாரா கீதும்மா." அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பெயரை விடுங்கள், எனக்கு அப்பாவை நினைத்துத்தான் கவலை. இரண்டாம் முறை ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒருவருக்கும் அவர் வாழ்நாளில் இணங்கியதில்லை. பெரிய மனிதர்களோடெல்லாம் அதற்காக மல்லுக்கு நின்றவர். விஷயம் தெரிந்தால் பேத்திக்கும் கொடுக்கமாட்டார். ஆஸ்பத்திரியில் நான் கத்திச் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

"மாமாகிட்ட சொல்லாம விட்டுட்டா?" என்றார் ஜெபகுமார்.

"உங்க வாய் இந்த ஒரு விஷயத்துல மட்டும் மூடிக்கிட்டு இருக்குமா?" என்றேன். அப்பாவிடம் மறைத்துவிட்டு அவர் கையில் பிள்ளையைக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை அப்பா மின்சார ரயிலில் வந்து இறங்கினார். பையில் பேத்திக்கு வெள்ளை கவுன். காபியைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெபின் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

"தண்ணி இருந்துச்சா?" என்றார் அப்பா.

"வெதுவெதுன்னு இருந்துச்சு ஐயா."

"வார்த்தைங்க?"

"ஒண்ணு விடாம சொன்னேன் ஐயா."

அப்பா காபியைக் கீழே வைத்தார். "அப்ப முடிஞ்சிடுச்சும்மா. திரும்பக் குடுக்க முடியாது."

தெரிந்த பதில்தான். இருந்தாலும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா ஸ்டெபினைப் பார்த்து, "என்ன பேர் சொன்னே?" என்றார். அதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

"மெத்தூசலா, ஐயா."

அப்பா சிரித்தார். போதகருக்குச் சிரிப்பு எதற்கு என்று இருந்த மனிதர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிய, அந்தப் புது கவுனாலேயே துடைத்துக்கொண்டார்.

"ஆஷா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே, அது பயத்துல கேட்டதும்மா. விடியறதுக்குள்ள போயிடுவாளோன்னு பயம். நான் குடுத்திருந்தா அந்த பயத்தோடதான் குடுத்திருப்பேன்" என்றார். "இவன் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வயசுக்காரர் பேர்ல குடுத்திருக்கான் பாரு. இதுவே இருக்கட்டும்."

ஆலயத்துக்கு வெளியே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைச் சபையில் ஏற்றுக்கொள்ளப் பழைய முறை ஒன்று உண்டாம். மறுநாள் அதைத்தான் அப்பா நடத்தினார்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?" என்று ஆலயம் நிறைந்த கூட்டத்தில் கேட்டார்.

ஸ்டெபின் எழுந்தான். "நான்" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

அப்பா மகளை வாங்கி நெற்றியில் சிலுவை வரைந்து, "மெத்தூசலா தேவதர்ஷினி" என்று அறிவித்தார். கல்லூரி முதல்வர் உட்பட ஆலயமே சிரித்தது. பிறகு முறைப்படி பிள்ளையைத் தாயிடம் திருப்பித் தர வேண்டும். அப்பா தரவில்லை. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, மகள் அவர் அங்கி மேல் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையை நீட்டினேன்.

"நீ போய் உட்காரும்மா" என்றார் அப்பா. "எங்களுக்கு நிறைய நேரம் இருக்கு."