படத்துக்குக் கீழே இல்லாத வரி

சனிக்கிழமை காலை குப்பைக் கிடங்குக்குப் போகாத வேட்பாளர் எங்கள் ஊரில் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜனம் தன் குப்பையைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும். அங்கே கை குலுக்காதவர் வேறெங்கே குலுக்குவார்?

அன்று ரோலண்ட் மிஷோ அங்கே வந்தது கை குலுக்க மட்டும் அல்ல. மூன்று முறை மாநிலச் சட்டசபை உறுப்பினர், இப்போது மேலவைக்கு நிற்கிறார். வாரநாளில் வக்கீல், மாதம் ஒரு வாரக்கடைசி பகுதிநேர ராணுவமான தேசியக் காவல் படையின் சட்ட அதிகாரி, லெப்டினன்ட் கர்னல். இத்தனை தொப்பி போட்ட தலை, முந்தைய நாள்தான் ஒரு தப்பைக் கவனித்தது. வீடுவீடாகத் தபாலில் போன துண்டறிக்கையில் சீருடைப் படம் இருந்தது. 'இது ராணுவத்தின் ஆதரவு ஆகாது' என்று அதன் கீழே விதிப்படி இருந்தாக வேண்டிய வரி இல்லை. இடம் போதாமல் அச்சகத்தில் வெட்டிவிட்டார்கள். மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டவர் இவரேதான். தொப்பை தெரிகிறதா என்று மூன்று தரம் பார்த்தவர், படத்துக்குக் கீழே ஒரு தரம் பார்த்திருக்கலாம். அந்த விதியை வருஷாவருஷம் வீரர்களுக்கு வகுப்பெடுப்பவரும் இவரே! புகார் போனால் அடுத்துக் கிடைக்கவிருந்த முழு கர்னல் பதவி அம்பேல், தேர்தலும் கூடவே.

பழைய காகிதம் போடும் தொட்டியை விட்டு அவர் நகரவில்லை. யார் கையிலாவது தன் முகம் பளபளத்தால், அது தொட்டிக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ரோலண்ட், ஓட்டு கேக்க வந்தியா, தொட்டிக்குக் காவலா?" என்றாள் அங்கே பழைய சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் டோரீன். "போட்டோ ஜோர். ஜெனரல்னு நெனச்சு எங்க வீட்டுக்காரர் எழுந்தே நின்னுட்டாரு."

ரோலண்ட் சிரித்து வைத்தார்.

அப்போதுதான் லூசியன் பெரூபேயின் வண்டி வந்து நின்றது. அதே காவல் படையில் முன்னாள் சார்ஜென்ட். நாலு வருஷம் முன்பு ஊர் நிர்வாகக் குழுவுக்கு நின்றபோது இதே மாதிரிப் படம் போட்டு மாட்டிக்கொண்டான். கண்டனக் கடிதம் எழுதியவர் ரோலண்ட். அத்தோடு பதவி உயர்வு நின்று, படையை விட்டே போனான்.

"வணக்கம் கர்னல்." துண்டறிக்கையை விரித்துக் காட்டினான். "அடியில என்னமோ கொறையுதே. எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

"லூசியன், அந்த அச்சகத்துக்காரன்..."

"நானும் அன்னைக்கு அதத்தான் சொன்னேன். நீங்க என்ன எழுதினீங்க? 'கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு.' மனப்பாடம் சார்."

"புகார் அனுப்பிட்டியா?"

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிக்கலாம்னு இருக்கேன். அவசரம் என்ன?"

இரண்டு நாள்! அதுவரை இவன் பிடியிலா? டோரீனின் காது ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ரோலண்ட் சட்டென்று போனை எடுத்துப் படையின் தலைமை அதிகாரியை அழைத்தார். யாரும் எடுக்கவில்லை, பதிவுக் குரல் செய்தி விடச் சொன்னது. குப்பை நசுக்கும் இயந்திரம் இரைந்ததால் கத்த வேண்டியிருந்தது. பெயர், பதவி, துண்டறிக்கை, விடுபட்ட வரி எல்லாவற்றையும் சொன்னார். "பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். பொறுப்பு என்னோடது." குப்பையோடு நின்ற வரிசை முழுவதும் கேட்டது.

"என் திங்கக்கிழமையக் கெடுத்துட்டீங்களே சார்," என்றான் லூசியன். துண்டறிக்கையை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அதத் தொட்டியில போடலையா?" என்றார் ரோலண்ட்.

"நீங்க சொன்னத அங்க அப்படியே எழுதிக்கிறாங்களா, இல்ல அமுக்கிடுறாங்களான்னு தெரியட்டும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

ரோலண்டின் கையில் போன் அதிர்ந்தது. தலைமை அதிகாரியின் பெயர். மூட்டையும் கையுமாக வந்தவர்களில் ஒருவர்கூட நகரவில்லை.