பொங்கப்படி தூக்கிய கை

“கனமா எதுவும் தூக்குனியளாம்மா?” என்று டாக்டர் ஹெப்சிபா கேட்டார். என் முழங்கையின் எக்ஸ்ரே படம் அவர் முன்னால் வெளிச்சத்தில் தொங்கியது. நான் வாயைத் திறக்கும் முன்பே என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“ஒரு துரும்பைக்கூட எடுக்க விடல டாக்டர். ராணி மாதிரில்லா வச்சிருக்கேன்.”

ராணியாம் ராணி!

மூட்டுவாதம் என் வலது முழங்கையைத் தின்று முடித்தபின், இரண்டு வருடத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் இதே டாக்டர்தான் செயற்கை மூட்டு வைத்தார். படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார். “முழங்கால் மூட்டு மாதிரி இல்லம்மா இது. அன்றாடம் ஒரு கிலோவுக்கு மேல இந்தக் கையால தூக்கக் கூடாது. ஆயுசுக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் குமரகுருபரன் என்கிற இந்த மகானுபாவர் வேறு சட்டம் போட்டார். “சித்ராவுக்கு மாப்பிள்ள பாக்கோம். தாய்க்கு வாதம்னு தெரிஞ்சா எவன் வருவான்? கீழ விழுந்து பிசகிட்டுன்னு சொல்லு. வேற மூச்சு விடாத.”

விடவில்லை. ஆழ்வார்குறிச்சியில் சம்பந்தம் அமைந்தது. கார்த்திகையில் கல்யாணம். முழுக்கை ஜாக்கெட்டில் தழும்பை மறைத்துக்கொண்டு நின்றேன். தையில் மகள் வீட்டுக்குத் தலைப்பொங்கல் சீராகப் பொங்கப்படி கொண்டுபோனோம். கரும்பு, வாழைத்தார், மஞ்சள் குலை, வெங்கலப் பானை நிறையப் பச்சரிசி. வாசலில் சம்பந்தியம்மாள் மறித்துக்கொண்டாள்.

“தலைப்பொங்கப் பானையைப் பெத்தவதான் கொண்டுவந்து அடுப்படியில வைக்கணும் மதினி. எங்க வீட்டு வழக்கம்.”

பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாழைத்தாரைப் பார்த்தார். தூக்கினேன். அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் கைக்குள்ளே எதுவோ விட்டுப்போனது. பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே இறக்கிவைத்தேன். ஒருமுறை தூக்கியவள் மறுமுறை மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு கோயில் கொடை, விசேஷம் என்று போகும்போதெல்லாம் தூக்கினேன்.

“தூக்குனேன் டாக்டர்,” என்றேன். “பொங்கலுக்கு ஒரு பானை அரிசி. பிறகும் தூக்குனேன்.”

டாக்டர் திட்டவில்லை. படத்தில் பேனாவால் காட்டினார். “எலும்புக்கும் கம்பிக்கும் நடுவுல சிமெண்ட் இருக்குல்லா, பாரம் தாங்காம பிடி விட்டுட்டு. கம்பி ஆடி ஆடி எலும்பை உள்ளயிருந்து அரைச்சிருக்கு. மாத்தி வைக்கலாம். ஆனா பிடிமானத்துக்கு எலும்பு கொஞ்சந்தான் மிச்சம். இந்தக் கை பழையபடி வரும்னு வாக்குக் குடுக்க முடியாது.”

“தலைதீபாவளி கழியட்டும் டாக்டர்,” என்றார் என் வீட்டுக்காரர். “மாப்பிள்ள வீட்டாரு வருவாவ. கட்டோட நின்னா நல்லாருக்காது.”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆடி மாசம் என்பதால் சித்ரா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மறுநாள் காலையில் காப்பி கொடுத்தேன். டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து வாங்கினாள்.

“கையில என்னட்டி?”

“காலையில விரல் மடங்க மாட்டேங்குதும்மா. ரெண்டு மாசமா. மோதிரம் கழறல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்பாட்ட சொன்னேன். ஆழ்வார்குறிச்சியில மூச்சு விடாத, அம்மாட்டயும் சொல்லாதன்னாவ.”

எனக்கும் முதலில் விரல்தான் வீங்கியது. இடது கையால் போனை எடுத்து ஆழ்வார்குறிச்சிக்குப் போட்டேன். “ஏட்டி, வைட்டி போனை! பிள்ள வாழ்க்கையக் கெடுக்காத!” என்று அவர் பாய்ந்து வந்தார். நான் நகரவில்லை.

“மதினி, எனக்கு வாதம். பொங்கப்படி தூக்குன கை ஆபரேஷன் பண்ணுன கை. இப்ப சித்ராவுக்கும் விரல் வீங்குது.”

“அடிப்பாவி! கல்யாணத்துக்கு முன்னாலயே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பியளா?”

சித்ராவின் விரலைப் பார்த்தேன்.

“அவள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்,” என்று சொல்லி நானே போனை வைத்தேன்.