டேவி கப்பலின் மணிக்குள் ஒரு பெயர்

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் துறைமுகமான பிளிமத்தில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் கிளெம் ஹாக்கிங் இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர் குடிப்பேன்.

சென்ற வசந்தத்தில் ஒருநாள் கிளெம் என் சமையலறைக்கு வந்தார். பிஸ்கட் டப்பாவைத் தானே எடுத்துத் திறந்துகொண்டார்.

"நீதான் எழுதுற ஆளாச்சே மாப்ள. எங்க கப்பலோட வரலாறு, நாலே நாலு பக்கம். எழுதிக் குடேன்."

"நான் எழுதுறது தமிழ்ல, கிளெம்."

"அதனால என்ன? கப்பல் துறைல அத்தன வருசம் பெயிண்ட் டப்பா எடுத்துக் குடுத்தவன்தான நீ? எங்க கப்பலுக்குப் பூசின சாம்பல் கலரு உன் பழைய சட்டைல இன்னும் இருக்கும். இதுக்கு மேல என்ன தகுதி வேணுங்கற?"

டேவி போர்க்கப்பலின் பழைய மாலுமிகள் சங்கத்தை மூடப்போகிறார்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கடைசிக் கூட்டம் தேவாலயத்தில். கப்பலின் வெண்கல மணி இப்போது அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். நாலு பக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அது இல்லை. அதில் வைக்க முடியாமல் என் கையிலேயே தங்கிப்போனது இது.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், இரண்டைக் கைவிட்டேன். அவற்றையும் பார்த்துவிடுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

(அ) 1982 மே மாதம். தென் அட்லாண்டிக்கின் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் தாழப் பறந்து—

போதும். தெற்கே தீவுகளுக்காக நடந்த அந்தப் போரை நான் பார்த்தவன் இல்லை. பெயிண்ட் கிடங்கில் அதிகபட்ச ஆபத்து, ஏணியிலிருந்து விழுவது.

(ஆ) கட்டப்பட்டது. கடலில் இறக்கப்பட்டது. தாக்கப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டது. விற்கப்பட்டது. மூழ்கடிக்கப்பட்டது.

எந்தப் போர்க்கப்பலின் சேவை வரலாற்றை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாம் தானாக நடந்தது போல, யாருமே செய்யாதது போல. எனக்கு இதைப் படித்தாலே எரிச்சல் வரும். பகைவன் குண்டு போட்டும் டேவி மூழ்கவில்லை. ஓட்டையோடு ஊர் வந்து சேர்ந்தது. பல வருடம் கழித்து, அதை விலைக்கு வாங்கிப் பேரையும் மாற்றிய வேறொரு நாட்டுக் கடற்படை, சுட்டுப் பழகுவதற்காக அதை நடுக்கடலில் நிறுத்தி மூழ்கடித்தது. அந்தக் காட்சியை யாரோ கிளெமின் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். "நாங்க உசுரக் குடுத்துக் காப்பாத்தினத சும்மா வெளாட்டுக்கு முக்கிட்டானுங்க, பாரு" என்று என்னிடம் காட்டினார். இரண்டாவது முறை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

(இ) கிளெம் ஹாக்கிங்குக்கு அப்போது இருபத்தாறு வயது.

இதுதான் சரி. [ஒரு சிக்கல்: என் சமையலறையில் உட்காரும்போது அவர் 'அவர்'. கப்பலில் நிற்கும்போது 'அவன்'. இருபத்தாறு வயதுப் பையனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? பொறுத்துக்கொள்ளுங்கள்.]

3

கிளெம் ஹாக்கிங்குக்கு அப்போது இருபத்தாறு வயது. டேவியின் எஞ்சின் அறையில் வேலை. ஊரில் மனைவி ஜெனிஃபர் கர்ப்பமாக இருந்தாள். கப்பல் தெற்கே போகப் போக அவனுக்கு ஒரே பேச்சுதான்.

"பொண்ணுதான். எழுதி வெச்சுக்க" என்பான் பார்க்கிறவனிடமெல்லாம்.

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல்காரர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால், கப்பல் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிறகு பிள்ளையின் பெயரை மணியின் உட்புறத்தில் செதுக்குவார்கள். கப்பல் உள்ளவரை பிள்ளையும் அந்தக் கப்பலின் ஆள்.

டேவியில் பெயர் செதுக்குகிறவர் ஹெட்லி லஸ்கம், கப்பலின் தச்சர். கிளெம் அவரிடம் போய் நின்றான்.

"டாம்சின் ஹாக்கிங். 1982. இப்பவே வெட்டிருங்கண்ணே."

"டேய், புள்ளையே பொறக்கல. கிறுக்கா உனக்கு?"

"திரும்பிப் போற நேரத்துல பொறந்திருக்கும். அப்ப உங்களப் புடிக்க முடியாது, கூட்டம் அம்மும்."

"பையனாப் பொறந்தா?"

"பையனுக்கும் டாம்சின்னே வெச்சிடறேன். ரெண்டு கேன் பீர் தர்றேன்."

"மூணு."

"சரி, மூணு. கழுத்த அறுக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெட்லி லஸ்கம் திட்டிக்கொண்டே உளியை எடுத்தார். ஜெனிஃபர் வீட்டில், கண் பட்டுவிடும் என்று, பிள்ளை பிறக்கும்வரை குழந்தைத் தள்ளுவண்டியைக்கூட வாசற்படி தாண்டவிட மாட்டார்கள். வண்டி கடையிலேயே கிடக்கும். பணம் கட்டியிருந்தாலும் அப்படித்தான். கிளெமுக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தான். சாவைப் பற்றி யோசிக்காமலிருக்க அவனுக்கு ஏதாவது ஒன்று நிச்சயமாக வேண்டியிருந்தது. [இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம். கிளெம் சொன்னது: "வயசுக் கொழுப்பு மாப்ள, வேற என்ன?"]

4

குண்டு கப்பலின் பின்பகுதியில் விழுந்தது. என் நாலு பக்கத்தில் இதற்கு ஒரே வரி: 'சேதம் கட்டுப்படுத்தப்பட்டது. மூவர் உயிரிழந்தனர்.' மூவரில் ஒருவர் ஹெட்லி லஸ்கம். அவர் கடைசியாகச் செய்த வேலை மணிக்குள் அந்தப் பெயரை வெட்டியது.

அதே மாலை ஜெனிஃபர் தன் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நம் கப்பல் ஒன்று தாக்கப்பட்டது என்று செய்தி வந்தது. எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. ஊரே அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் கப்பலாக இருக்கக்கூடாதென்று வேண்டினாள். அப்படி வேண்டினால் இன்னொருத்தியின் கப்பல் என்று ஆகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஜெனிஃபருக்கு அன்றிரவே வலி கண்டது. குழந்தை அழவில்லை. பெண் குழந்தை.

சம்பந்தமே இல்லை என்றுதான் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். சேதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளக்க எனக்குத் தெரியாது. என் நாலு பக்கத்தில் மூவர் என்று எழுதியிருந்ததை அச்சுக்கு அனுப்பும்போது மட்டும் கை ஒரு நிமிடம் நின்றது.*

கிளெமுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பம்பு அடித்துக்கொண்டிருந்தான். செய்தியைக் கேட்டான். பம்பை விடவில்லை. விட்டால் கப்பல் போய்விடும்.

* ஜெனிஃபர் கார்ன்வால்காரர், கிளெம் டெவன்காரர்; இரண்டும் அடுத்தடுத்த மாவட்டங்கள். பன்னில் முதலில் தடவ வேண்டியது ஜாமா, க்ரீமா என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை. நானே சுவர் வழியாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். டாம்சின் பற்றி ஒரு சொல்கூட சுவரைத் தாண்டி வந்ததில்லை.

5

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு யோசனை வந்தது, எனக்கில்லை, சங்கத்துக்கு. மணிக்குள் இருக்கும் பெயர்களையெல்லாம் புத்தகத்தில் போடுவோம். அந்தப் பிள்ளைகளை, இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது, கூட்டத்துக்கு அழைப்போம். ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவரவர் எழுந்து வந்து மணியை ஒருமுறை அடிக்கட்டும்.

வாசிப்பது நான். "எங்க ஆளுங்க எவனும் பாதி தாண்ட மாட்டான், அழுதுருவான்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கிளெம் அன்று வந்தபோது பிஸ்கட் டப்பாவைத் தொடவில்லை. நானே திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். நான் மேலே எழுதியதையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார்.

"அந்தப் பேர வாசிக்காத மாப்ள. புத்தகத்துலயும் போடாத. ஜெனிஃபருக்கு அது அங்க இருக்கறதே தெரியாது."

"இத்தன வருசமாவா?"

"எப்பிடிச் சொல்வேன்? பொறக்காத புள்ளைக்குப் பேர வெட்ட வெச்சவன் நான். நான்தான் கண்ணு வெச்சிட்டேன்னு தோணுது. அழிச்சிரலாம்னு அரம்கூட எடுத்துட்டுப் போனேன் ஒருதடவ. ஹெட்லி அண்ணன் வெட்டின கடைசி எழுத்து. எப்பிடி அழிக்கறது?"

இரண்டாவதாகப் பிறந்த மகனுக்கு அந்த மணியில் ஞானஸ்நானம் வேண்டாம் என்று கிளெம் ஒற்றைக்காலில் நின்றாராம். ஏன் என்று ஜெனிஃபர் கேட்கவேயில்லையாம்.

"அவ தாங்க மாட்டா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எதிரில் ஒரு மனிதர் பிஸ்கட்கூட வேண்டாமென்று உட்கார்ந்திருந்தால் நீங்களும் பண்ணியிருப்பீர்கள்.

6

இரண்டு நாள் கழித்து ஜெனிஃபர் வந்தார். குங்குமப்பூ பன் கொண்டுவந்தார். இந்த ஊர்ப் பெண்கள் பேருந்து ஓட்டுநரைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெனிஃபர் கூப்பிடும்போது மட்டும் நிஜமாகவே நான் யாருக்கோ கண்ணு என்று தோன்றும்.

"கண்ணு, அவரு வந்தாரா? அந்தப் பேர வாசிக்காதன்னு சொன்னாரா?"

நான் பன்னைப் பார்த்தேன்.

"மூஞ்சியே சொல்லுது. சரி, கேட்டுக்க. எனக்குத் தெரியும். கப்பல் திரும்பி வந்ததுக்கு மறு வருசம் வேற ஒருத்தர் பையனுக்கு மணில ஞானஸ்நானம் பண்ணாங்க. எட்டிப் பாத்தேன். தண்ணிக்கு அடியில எம் பொண்ணு பேரு. எழுத்து ஆடுது, தண்ணியோட. அப்பிடியே நின்னுட்டேன்."

"அவருகிட்ட ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஒடஞ்சிருவேன்னு அவரு நெனச்சிட்டிருக்காரு. என்னக் காப்பாத்தறதா நெனச்சுத்தான் அந்த மனுசன் நிமிந்து நடக்கறாரு. அதப் போயி நான் புடுங்கறதா?" ஜெனிஃபர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காலத்துல அப்பிடிப் பொறந்த புள்ளைய அம்மா கையில குடுக்க மாட்டாங்க கண்ணு. எங்க பொதைச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. கல்லு கெடையாது, தேதி கெடையாது. இந்த உலகத்துல அவ பேரு இருக்கறது அந்த மணிக்குள்ள மட்டுந்தான். யாராவது ஒருத்தர் ஒருதடவ உரக்கக் கூப்பிடணும். நீ வாசி. ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிராத. சத்தியமா?"

அதற்கும் தலையாட்டிவிட்டேன். எழுத்தாளன் என்றால் எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் நல்லவனாக இருக்கப் பார்க்கிற ஒரு முட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[புத்தகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பெயர்ப் பக்கத்தை விட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். இடம் போதவில்லை என்று சங்கத்திடம் பொய் சொன்னேன். மிச்சமிருப்பது வாசிப்புதான்.]

7

இப்போது புரிந்திருக்கும், இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று. அவர்கள் இருவருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கிளெமின் ரகசியத்தையும் ஜெனிஃபரின் ரகசியத்தையும் ஒரே காகிதத்தில் வைக்க எனக்கு இருக்கும் ஒரே இடம் இதுதான்.

முடிவுகள் யோசித்தேன்.

வாசிக்காமல் விடுவது. 1981-இலிருந்து நேரே 1983-க்குத் தாவுவேன். கிளெம் நிம்மதியாக மூச்சு விடுவார். ஜெனிஃபர் கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். என்னால் அதற்கு மேல் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்து வாசிக்க முடியாது.

வாசிப்பது. கிளெம் என்னைப் பார்ப்பார். நாற்பது வருடம் கட்டிக் காத்ததை ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டாயே என்று—

எனக்குக் காய்ச்சல் வருவது. இது கோழையின் முடிவு. நேற்று வரைக்கும் இதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

நான் வாசிக்க, இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருவரையொருவர் பார்த்து, கைகோத்துப் போய் மணியை— அடித்துவிட்டேன். மணியை இல்லை, வரியை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நடக்கவேண்டியதை நானே நடத்திக்காட்டி மார்தட்டிக்கொள்வது போல இருக்கிறது.

8

இன்று சனிக்கிழமை. கூட்டம் நாளைக்கு. மதியம் சாப்பிட்டுவிட்டு, பெயர்களை வாசித்துப் பழகலாமென்று எழுந்து நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கிளெமின் வானொலியில் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமே என்று நன்றாகக் குரலெடுத்தேன்.

"கேரன்சா நான்ஸ், 1979."

"ஆரன் டைக், 1980."

"ஃபிலிப்பா யியோ, 1981."

அடுத்த மூச்சை இழுக்கும்போதுதான் கவனித்தேன். வானொலி நின்றிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. கிளெம் பாதி ஆட்டத்தில் வானொலியை நிறுத்துகிற ஆள் இல்லை. சுவரின் ஒரு ஓரத்தில் தரைப்பலகை முனகியது. சற்றுப் பொறுத்து மறு ஓரத்தில் இன்னொரு பலகை முனகியது. இருமல்கூட இல்லை.

இருவரும் அங்கே நிற்கிறார்கள். அவர் அந்தப் பெயர் வந்துவிடக்கூடாதென்று, இவர் வரவேண்டுமென்று. மற்றவருக்கு முகத்தில் எதையும் காட்டாமல். பெயர்ப் பட்டியலைக் கீழே வைத்துவிட்டேன். என் அவசரப் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது? சுவர் மெல்லியது என்று முதல் பத்தியிலேயே நான்தானே எழுதினேன்.

நான் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்தவன், என் வாய் திறக்காது. நீங்கள் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அடுத்த பெயர் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் உரக்கவே வாசியுங்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள்.