கட்டுத்தரையில் காய்ச்சல்

பொழுது இன்னும் புலரவில்லை. கொல்லிமலைப் பனி கட்டுத்தரைக்குள்ளும் புகுந்திருந்தது. கோகிலவாணி சாணிச் சகதியில் வெறுங்காலை ஊன்றி, ஜெர்சிப் பசுவின் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரைச் செருகினாள். பசு நடுங்கியது. அதன் விலாவில் சாய்ந்தபோது சூடு ரவிக்கையைத் தாண்டி உடம்பில் ஏறியது. அதே சூடு. ருக்குமணியின் நெற்றிச் சூடு.

போன மழைக்காலம் வரை இந்த மாட்டு வரிசையைக் கழுவியவள் ருக்குமணி. கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. காய்ச்சலோடு கறந்தாள், காய்ச்சலோடு கழுவினாள். மாட்டு மூத்திரத்திலிருந்து தொற்றியது என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவள் கண் மஞ்சளாகிப் பேச்சு நின்றிருந்தது. அவளைப் புதைத்த நாளிலிருந்து கோகிலவாணிக்குப் பனிக்குள் அவள் இருமல் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருப்பதில்லை.

இன்றும் கேட்டது. திரும்பினாள். ருக்குமணியின் வேலைக்கு வந்த ராதிகா வாளியோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள், கொதித்தது.

“எப்பத்திலிருந்து கண்ணு?”

“நேத்திலிருந்துங்க அக்கா. சொல்லீராதீங்க, வேலையை விட்டு நிறுத்தீருவாங்க.”

பண்ணை முதலாளி பூபாலனின் ஜீப் வந்து நின்றது.

“பசுவுக்குக் காய்ச்சலுங்க, நூத்தஞ்சு” என்றாள் கோகிலவாணி.

பூபாலன் பதறிப்போய் போனை எடுத்தார். “டாக்டரை உடனே வரச் சொல்றேன். ராதிகா, அந்த எடத்தைக் கழுவி விடு.”

“அவளுக்கும் காய்ச்சலுங்க.”

“மலையில பனி. யாருக்குத்தான் இல்ல? ஒரு மாத்திரையப் போட்டுட்டு வேலையைப் பாக்கச் சொல்லு.”

“ருக்குமணிக்கும் இதையேதானுங்க சொன்னீங்க.”

கறவைச் சத்தம் நின்றது. கறந்துகொண்டிருந்த குப்புசாமி பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

“மாட்டுக்கு டாக்டரைக் கூப்பிடுங்க, வேண்டாங்கல” என்றார் குப்புசாமி. “இந்தப் புள்ளை மொதல்ல ஆஸ்பத்திரி போகோணும். எங்க எல்லாத்துக்கும் ரத்தம் சோதிக்கோணும். கையுறையும் பூட்ஸும் வராம ஒருத்தரும் உள்ள போகமாட்டோமுங்க.”

“கீழிருந்து ஆள் கொண்டாந்து வேலையை நடத்திக்குவேன்!”

“அவங்களுக்கும் காய்ச்சல் வருமுங்க” என்றாள் கோகிலவாணி. நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

பூபாலன் ஜீப்பில் ஏறினார். “சதீஷ், வண்டியை எடு!”

ஓட்டுநர் சதீஷ்குமார் கண்ணாடி வழியே ராதிகாவைப் பார்த்தான். சாவியைத் திருப்பி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

“ஏறுங்க அக்கா, அந்தப் புள்ளையையும் ஏத்துங்க.”