ஜெகன் போட்ட ரூல்

ஜெகனைப் பழிவாங்க எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த வாரம் அவன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுவான். அப்புறம் உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்து என்ன பிரயோஜனம்?

ஜெகன், சமீர், தர்ஷினி, குந்தவையாகிய நான் என்று நாங்கள் நான்கு பேர், தஞ்சாவூரில் ஒன்றாகக் கல்லூரியில் படித்தவர்கள். ஞாயிறு மதியம் ஜெகன் வீட்டு உரக்கடை மாடியில் கூடி விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். அது நடந்ததா இல்லையா என்று நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்வார். நடத்துகிறவன் எப்போதும் ஜெகன்தான். ரூல் புத்தகம் அவனுடையது, அறை அவனுடையது, ஊர்ப்பட்ட வாயும் அவனுடையது.

என் பாத்திரம் ஒரு திருடி. ஒளிவதையே தொழிலாகக் கொண்டவளுக்கு மின்மினி என்று பெயர் வைத்தது என் குசும்பு. வாரம் முழுக்க நன்னிலத்தில் என் ஆன்லைன் சென்டரில் பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு மதியம் மட்டும் நான் மின்மினி. வருஷக்கணக்கில் அவளை வளர்த்தேன்.

போன ஐப்பசியில் அவளை ஜெகன் கொன்றான்.

களஞ்சியத்தில் திருடப் போனவள், வரப்பில் காவல்காரன் வருவதைக் கண்டு வயலுக்குள் இறங்கினாள். பகடையில் இருபது விழுந்தது. அதற்கு மேல் அதில் எண்ணே கிடையாது. "ஒளிஞ்சாச்சு" என்று ஜெகனே சொன்னான். நான் சும்மா இருந்திருக்கலாம். "பக்கத்துல வாய்க்கால் எதாச்சும் இருக்கா?" என்று அவனிடம் கேட்டுத் தொலைத்தேன்.

"நீ பேசிட்ட. காவக்காரன் காதுல விழுந்துடுச்சு."

"டேய், நான் உங்கிட்டதான கேட்டேன்? மின்மினியா பேசினா?"

"ஒளிஞ்சிருக்கறவ சத்தம் போட்டா மாட்டிக்குவான்னு புக்ல இருக்கு. எது சத்தம்னு நடத்துறவன்தான் முடிவு பண்ணணும். மேஜைல பேசினா வயல்ல பேசின மாதிரி. அதான் என் ரூல்."

காவல்காரனின் ஈட்டி மின்மினி மேல் பாய்ந்தது. சமீர் விழுந்து விழுந்து சிரித்தான். "தை மாசம் புதுசா ஒரு பாத்திரத்தோட உள்ள வா, அதுவரைக்கும் வேடிக்கை பாரு" என்றான் ஜெகன். நானும் மானங்கெட்டுப் போய், கும்பகோணத்தில் பஸ் மாறி வாராவாரம் வந்து வேடிக்கை பார்த்தேன். அவர்கள் சண்டை போடுவார்கள், கோட்டை பிடிப்பார்கள். நான் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து வைப்பேன். வயிறு எரிந்தது. இவனைச் சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மார்கழியில் அவனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்தது. "இத்தன நாளா நானே நடத்திட்டேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ விளையாடிப் பாக்கணும். யாராச்சும் நடத்துங்களேன்" என்று கெஞ்சினான்.

"நான் நடத்தறேன்" என்றேன். என் முகத்தில் அன்பு வழிந்திருக்க வேண்டும். நன்றி சொன்னான், மடையன்.

அந்த ஞாயிறு வேங்கை என்ற வீரனோடு வந்தான். வாள், கேடயம், தோற்றுப்போன ஒரு காதல் என்று ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்தான். கோட்டையில் சிறைப்பட்ட தளபதியை மீட்பதுதான் மூவருக்கும் வேலை. முன்னால் போன வேங்கையின் எதிரே, வரப்பில் ஈட்டியோடு ஒரு காவல்காரனை நிறுத்தினேன்.

"வயலுக்குள்ள ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜெகன் பகடையை உருட்டினான். ஏழுதான் விழுந்தது. தொலைந்தான் என்று சமீர் கையைத் தேய்த்தான்.

"நெஞ்சளவு வளர்ந்த சம்பா. தாராளமா ஒளிஞ்சுக்க" என்றேன். "யார் கண்ணுக்கும் நீ தெரியமாட்ட. ஆனா நீ போட்ட ரூல் அப்படியேதான் இருக்கு. மேஜைல பேசினா வயல்ல பேசின மாதிரி."

எதற்கோ திறந்த வாயை ஜெகன் மூடிக்கொண்டான்.

காவல்காரன் போகவில்லை. வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தான். சோற்று மூட்டையை அவிழ்த்தான். நார்த்தங்காய் ஊறுகாயை நக்கி நக்கிச் சாப்பிட்டான். நான் எதையும் விடாமல் சொன்னேன்.

"வேங்கை எங்க?" என்றான் சமீர்.

"உங்க கண்ணுக்கும்தான் தெரியல. முன்னாடியே கோட்டைக்குப் போயிட்டான்னு நினைச்சு, நீங்க வேற வழியா போறீங்க."

ஜெகன் பதறிக் கையை ஆட்டினான். "ஆட்டாத, கதிர் அசையும்" என்றேன். கை மடிக்குப் போனது.

சமீரும் தர்ஷினியும் மதிலேறினார்கள், பூட்டுடைத்தார்கள், கத்திக் கத்திச் சண்டை போட்டார்கள். இடையிடையே நான் வயலுக்கு வந்தேன். வேங்கையின் கெண்டைக்காலில் அட்டை ஏறியது. நெல் இலையின் சுனை கழுத்தில் பட்டு அரித்தது. சொறிய முடியவில்லை. காவல்காரன் வெற்றிலை போட்டான். ஜெகன் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி சுருங்கிவிட்டது.

"பாவம்டி, விட்டுடு. ஊருக்குப் போற புள்ள" என்றாள் தர்ஷினி.

எனக்குப் பாவமாக இல்லை. குளுகுளுவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் அட்டை கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

வேங்கை இல்லாமலே தளபதியை மீட்டுவிட்டார்கள். கதையில் இனி ஒன்றும் பாக்கியில்லை. ஜெகன் எழுந்து நின்று வாளை உருவியிருக்கலாம். பகடை கைகொடுத்திருந்தால் தப்பித்திருக்கவும் கூடும். அவன் அதைச் செய்யவில்லை. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"குந்தவை, அன்னிக்கு நான் பண்ணது தப்பு. மின்மினிய நான் கொன்னுருக்கக் கூடாது. உன்ன அப்படி உக்கார வெச்சதும் தப்பு. மன்னிச்சிரு."

சமீர்கூடச் சிரிக்கவில்லை. தர்ஷினி என் தோளில் கை வைத்தாள். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வாரம் பஸ் ஏறி வந்திருக்கிறேன். காதில் தேனாக விழுந்தது.

"சொல்லி முடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

தலையாட்டினான்.

"காவக்காரன் திரும்பிப் பாக்கறான்" என்று சொல்லிவிட்டுப் பகடையை எடுத்தேன்.