கறுப்பைக் கூட்டிய ஆறாம் பக்கம்

பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து எழுதிய சிறு புத்தகத்துக்குத் தான் வரைந்த படங்கள்மேல் தையல்காரிக்கு அப்படியொரு ஆசை. பென்சில் கோடெல்லாம் பளிச்சென்று விழ வேண்டுமென்று நகல் கடைக்காரரிடம் கறுப்பை முழுசாகக் கூட்டச் சொன்னாள். அவரும் கூட்டினார். தையல் கடையின் பின்னறைக்கு வந்து, தாள்களை மடித்து, நடுவே தையல் மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டி, முதல் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

ஆறாம் பக்கத்தில் ஜிகினாவின் பழைய பெயர் தெரிந்தது.

ஜிகினா என்பது சிநேகிதிக்கு இவள் வைத்த பட்டப்பெயர். அழகு நிலையத்தில் வேலை, வாய் ஓயாத பேச்சு. ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவள், தான் பெண்ணென்று வாய்விட்டுச் சொன்ன அன்றே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டாள். அந்த நாளைப் பற்றித்தான் புத்தகத்தில் எழுதியிருந்தாள். பக்கத்தின் மேலே அவளுடைய பள்ளி அடையாள அட்டையை ஒட்டி, அதிலிருந்த பெயரின் மேல் தையல்காரி ஒரு பூ ஒட்டியிருந்தாள். துணிக்கு அளவு வரைகிற மெல்லிய காகிதத்தில் வெட்டிய பூ! தையல்காரிக்கு வேறு காகிதம் கண்ணில் படுமா? அறை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. நகல் மிஷின் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிட்டது.

முஸ்லிம் பெண்களான தங்களைப் பற்றி யார் யாரோ எழுதுகிறார்கள், நாமே எழுதினால் என்ன என்று கிளம்பிய கூட்டம் அது. மற்ற பெண்கள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார்கள். அவர்கள் கையில் ஒரு புத்தகம் போனாலும் போதும், அந்தப் பெயர் தெருவுக்கு வந்துவிடும். நகல் மிஷின் கெடுத்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமா என்றுகூடத் தையல்காரி யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் ஜிகினாவே உள்ளே வந்துவிட்டாள். தையல்காரி ஆறாம் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"என் படம் நல்லா விழணும்னு நான்தான் கறுப்பக் கூட்டச் சொன்னேன். உன் பக்கத்த நெனச்சே பாக்கலடி. தப்பு என்னோடது."

ஜிகினா பக்கத்தைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"இந்தப் பேரச் சொல்லிச் சொல்லித்தான் அண்ணன் அடிச்சான்" என்றாள்.

தையல்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டினாள். ஒவ்வொரு புத்தகத்திலும் அடர்ந்த நிறத் துண்டு ஒன்றைப் பெயரின் மேல் வைத்துத் தைத்துவிடலாம், பின்பக்கம் தையல் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஜிகினா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். அவள் வெட்ட, இவள் தைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜிகினா, பச்சைத் துணியை எனக்கு வைக்காதே, என் நிறத்துக்கு எடுக்காது என்று குறை சொல்ல ஆரம்பித்தாள். தையல்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசிப் புத்தகத்தை ஊசிக்கு அடியில் வைக்கப் போனபோது ஜிகினா கையைப் பிடித்தாள்.

"இத மூடாத. உம்மாவுக்கு அனுப்பணும்."

"அந்தப் பேரோடயா?"

"என் பேரு உம்மாவுக்குத் தெரியாது. வீட்டுல யாரு சொல்லியிருப்பா? இது இல்லேன்னா எழுதினது தன் புள்ளன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தையல்காரி அழுதுவிட்டாள். ஜிகினா பேனாவைத் திறந்து, அந்தப் பழைய பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி, பெரிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.